அவள் கேட்பதை நிறுத்திய பிறகு

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிறவருக்கு ‘டாக்டர்’ என்று பட்டப்பெயர். மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பதால் வந்த பெயர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதை வைத்தவன் அவருடைய மச்சினன்; வைத்தது மெஷின்களுக்காக அல்ல, ஜோடிகளுக்காக.

பதினெட்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுக் குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்து வேலை பார்க்கிற மனிதர். அப்படிக் கிடப்பவரை யாரும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. புருஷனும் பொண்டாட்டியும் அவர் தலைக்கு மேலேயே எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு ஞானம் வந்துவிட்டது. திரும்பும் வழியில், வேன் ஓட்டுகிற மச்சினனிடம் தீர்ப்பு வாசிப்பார்.

“மூணாவது மாடி தேறிடும், மாப்ள.”

“என்ன மாமா, அந்தம்மா கரண்டியைத் தூக்கி எறிஞ்சாங்களே!”

“எறியட்டும். மெஷின் கடகடன்னு சத்தம் போடுதுன்னு அவரு சொன்னாரு. இல்லவே இல்ல, கறகறன்னுதான்னு அந்தம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க. இவ்வளவு ரோஷம் மிச்சம் இருந்தா உள்ள இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம். காலையில பார்த்தோமே, அந்த ஜோடிதான் போச்சு.”

“அவங்களா? எவ்வளவு மரியாதையா பேசிக்கிட்டாங்க! ‘தண்ணி தரட்டுமா’, ‘பரவாயில்ல, நானே எடுத்துக்கிறேன்’னு...”

“அதேதான். ‘நானே எடுத்துக்கிறேன்’ வந்துட்டா அவ்வளவுதான். ஆறு மாசம்.”

நான்கே மாசத்தில் அந்த வீட்டம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. மெஷினை வேறு வீட்டில் பொருத்தித் தர வேண்டும், அங்கே அவர் மட்டும்தான் இருக்கிறார். அன்றிலிருந்து டாக்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவர் வீட்டு மெஷினோ எட்டு மாதமாகக் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. துணி பிழியும் கட்டத்துக்கு வந்தால் போதும், நகர்ந்து நகர்ந்து குளியலறைக் கதவை மறித்துவிடும். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, விடுமுறை நாளில் அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் துணி பிழிவாள். குதிரை ஓட்டுகிறவள் மாதிரி மேலும் கீழும் குலுங்கிக்கொண்டே, “ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்!” என்பாள். “நாளைக்கு” என்பார் டாக்டர். ஆறு மாதம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். “இப்ப வீட்டுல பிக்கல் பிடுங்கலே இல்ல மாப்ள” என்று டாக்டர் போனில் பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே யாரும் இல்லை. இருந்த இடத்தைவிட்டு அசையாமல், சாப்பிட்டு முடித்த பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். வேறொரு மெக்கானிக்கின் பெயர், போன் நம்பர்.

மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு வந்தது?”

“மெக்கானிக்.”

“அப்ப நான் யாரு?”

“நீங்க பிஸி.”

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஆனால் தொழில் புத்தி முந்திக்கொண்டது. “என்ன கோளாறுன்னு சொன்னான் அவன்?”

“ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடுச்சாம். மாத்திட்டுப் போனாரு. வந்ததும் எப்பலேர்ந்து இப்படின்னு கேட்டாரு. நான் முழுசா சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

அவள் ஒரு சட்டையின் கையை மடித்து, நீவி, அடுக்கினாள். குரலில் கோபம் இல்லை. “கேட்டா எனக்கு எரிச்சல் வந்துச்சு. கேக்காம விட்டேன், எரிச்சல் போச்சு. அப்புறம் உங்ககிட்ட எதையும் சொல்லணும்னு தோணுறதும் போச்சு. ரொம்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

இதே குரலை எத்தனையோ வீடுகளில் தரையில் கிடந்தபடி டாக்டர் கேட்டிருக்கிறார். கேட்டதும் மாசக் கெடு சொல்லியிருக்கிறார். இந்த வீட்டுக்கு எத்தனை மாசம்?

“சண்டை போடு” என்றார் அவசரமாக. “நல்லா திட்டு. எதையாவது எடுத்து எறி.”

“என்னது?”

“சண்டை போடுறவங்க பிரியமாட்டாங்க. நான் எத்தனை வீட்டைப் பார்த்தவன்! நீ ஆரம்பி.”

அவள் மடித்த துணியைத் தொப்பென்று கீழே போட்டாள். “அதையும் நான்தான் ஆரம்பிக்கணுமா? மெஷினையும் நான் பார்க்கணும், சண்டையையும் நான் போடணும், நீங்க தரையில படுத்துக்கிட்டு ஜோசியம் சொல்லுவீங்களா? ஊர்ல உள்ள பொண்டாட்டிங்க சொல்றதெல்லாம் காதுல விழுது. நான் சொன்னது மட்டும் விழல!”

டாக்டரின் முகம் மெல்ல மலர்ந்தது. அவள் கண் சிவந்ததைப் பார்த்ததும் பட்டென்று வாடிவிட்டது. ஜோடிகளின் நோயை வாசல்படியிலேயே கண்டுபிடிக்கிற ஆளுக்கு மருந்து என்று ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. தெரிந்ததெல்லாம் கெடு சொல்ல மட்டும்தான்.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“வேற என்னென்ன கேக்கிறதை நிறுத்தின?”

அவள் நம்பாமல் பார்த்தாள். “நிஜமாவா? நேரமாகும்.”

“ஆகட்டும்.”

சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சினன்தான். டாக்டர் எடுக்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“முதல்ல, நான் கண்ணாடி மாத்தி மூணு வாரமாச்சு.”

அவர் பார்த்தார். கரும்பச்சை நிற ஃபிரேம். காதோரம் மெல்லிய தங்கக் கோடு.

“நல்லா இருக்கே...”

“அபிப்பிராயம் கேக்கல” என்றாள் அவள். “கேளுங்க. ரெண்டாவது...”