சடையங்குப்பத்தில் பொங்கிய மண்

வீட்டுக்குப் பால் ஊற்றும் கன்னியம்மாவிடம் நான் வாய்விட்டதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். சடையங்குப்பத்தில் அவள் எருமைகள் மேயும் புறம்போக்கை ‘உதவாத தரிசு’ என்று சொல்லி ஆலைச் சாம்பல் கொட்டப் போகிறார்களாம், திங்கட்கிழமை விசாரணை. “என் மைத்துனன் அந்தோணி மண் பரிசோதனைக்காரன். நான் சொன்னால் தட்டமாட்டான்” என்று அளந்துவிட்டேன். அவன் என் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. என் மனைவி அதட்டியதால் வந்தான்.

1973, பொங்கல் கழிந்த ஞாயிறு. பூசை முடிந்து ராயபுரத்தில் 7.10க்குப் பஸ், முப்பது பைசா. 7.45க்குத் திருவொற்றியூர். அங்கிருந்து நாலு கிலோமீட்டர். ரிக்‌ஷாக்காரர் ஒன்றரை ரூபாய் என்றார். என் தொந்தியைப் பார்த்ததும் இரண்டு. நடந்தோம்.

புல்வெளி ஓரத்தில் மண் கன்னங்கரேலென்று கிடந்தது. கறுப்பு என்றால் வளம்தானே? அந்தோணியின் கரண்டியைப் பிடுங்கி டப்பா நிறைய அள்ளினேன்.

“இன்னா சார் பண்றே? அது போன வாரம் லாரிக்காரன் திருட்டுத்தனமா கொட்டிகினு போன சாம்பலு! நீ யாரு கட்சி?” என்று கத்தினாள் கன்னியம்மா.

அந்தோணி அதில் பெராக்சைடு மருந்து விட்டான்; மண்ணில் மக்கிய சத்து இருந்தால் நுரைக்குமாம். சாம்பல் அசையவில்லை. கன்னியம்மா எங்களை நடுப்புல்லுக்கு இழுத்துப் போனாள். அங்கே ஓர் இடத்தில் மூன்று நாள்தான் மேய்ச்சல். பிறகு புல் முழங்கால் உயரம் வரும்வரை எருமை கால் வைக்கக் கூடாது. சாணியையும் அள்ளுவதில்லை.

“வறட்டி தட்டினால் காசாச்சே?” என்றேன்.

“அத்த எடுத்தா தரை பட்டினியா பூடும் சார். தரை துன்னாத்தான் புல்லு. புல்லு கீதுன்னாத்தான் உனுக்குப் பாலு.”

அந்தோணி அங்கே வேரோடு ஒரு பிடி மண் எடுத்து அதே மருந்தை விட்டான். சோடா உடைத்தாற்போல் நுரை பொங்கியது.

“பாத்தியா மாமா? அத்தினியும் கரிச்சத்து. காத்துல கீற கரியப் புல்லு உறிஞ்சி, வேரு வழியா கீழ எறக்கிக்கினே கீது. கெளறாம வுட்டா அங்கியே கெடக்கும், மழைத்தண்ணியையும் புடிச்சு வெக்கும். மேல சாம்பலக் கொட்டினா எல்லாம் பூடும்.”

தூரத்தில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகை தெரிந்தது. அங்கே கரியை மேலே அனுப்புகிறார்கள். இங்கே கன்னியம்மாவின் புல் சத்தமில்லாமல் கீழே இறக்குகிறது. வடசென்னை என்றால் மூக்கைப் பிடிப்பவர்கள் ஒருமுறை குனிந்து இந்த மண்ணை மோந்து பார்க்கட்டும்!

விசாரணையில் அந்தோணியின் அறிக்கை எடுபட்டது. சாம்பல் லாரி இப்போது அங்கே வருவதில்லை. ‘என் மைத்துனன்’ என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

நீங்களும் போவதானால் பத்து மணிக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது. குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். பழைய செருப்பு போதும். சாணியை மிதித்தால் முகம் சுளிக்காதீர்கள். நான் கிளம்பும்போது கன்னியம்மா வழிமறித்தாள்:

“செருப்ப இங்கியே தேச்சுட்டுப் போ சார். அது தரையோட சோறு.”