றோட்டில் நெல் காயுது என்று சொல்லத்தான் எடுத்தேன்

அறுவடை முடிந்தால் துணுக்காயில் நாங்கள் நெல்லைத் தார் றோட்டில்தான் காயப்போடுவோம். அன்றும் பாதி றோட்டுக்குப் பரப்பியிருந்தோம். தம்பி வேலையால் மோட்டார்சைக்கிளில் வருகிற நேரம். நெல்லில் ரயர் சறுக்கிவிடும் என்று பயந்து அவனுக்குப் போனில் கோல் எடுத்தேன். நல்ல அக்கா என்று எனக்கே ஒரு நினைப்பு.

நான் எடுத்தால் போன் அடிக்கிற இரண்டாவது மணிக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் சண்டை. அப்படிப் பழக்கியவள் நான்தான்.

"ஓம் அக்கா, சொல்லுங்கோ."

"எங்க வாறாய்?"

"வளைவில. இந்தா வந்திட்டன்."

"றோட்டில நெல்லுக் காயுது. பாத்து வா."

அவன் ஒற்றைக் கையால் பிரேக் பிடித்த சத்தம் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. எங்கள் நெல்லிலேயே சறுக்கிப்போய், றோட்டோர மதகுச் சுவரில் முதுகு அடிபட விழுந்தான்.

இப்போது நெல்லை முற்றத்தில் காயப்போடுகிறோம். றோட்டில் வருகிற எவருக்கும் நான் கோல் எடுப்பதில்லை. தம்பிக்கு மட்டும் வயலில் நின்று எடுப்பேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கிறான். இரண்டாவது மணிக்குள், "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்பான்.