சிவப்புப் பொத்தானுக்கு ஒரு ரோடு

கல்லூரி ஆய்வகத்தில் எறும்பு வளர்ப்பவளைத் தெருவே எறும்பக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டில் மட்டும் அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் கூட்டுவார் கணவர். அப்பேர்ப்பட்டவளைத்தான் விஞ்ஞானப் படம் எடுக்கும் கூட்டம் ஒன்று தேடி வந்தது. கதைப்படி எறும்புப் படை வில்லனின் மேசைமேல் ஏறிச் சிவப்புப் பொத்தானை மொய்க்க வேண்டும். நிஜ எறும்பு சரிப்பட்டால் திரையில் அவள் பெயர். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எறும்பு. மாமியார் அதற்குள் உறவு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். பெயர் வராவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது.

"ராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். அது ஆர்டர் போட்டா மத்ததெல்லாம் ஓடும்" என்றார் இயக்குநர்.

"சார், ராணி முட்டைதான் போடும். அங்க யாரும் யாருக்கும் ஆர்டர் போடுறதில்ல. ஒண்ணு வாசனையைத் தடவிட்டுப் போகும், அத மோந்துக்கிட்டே அடுத்தது வரும்."

இயக்குநர் தலையாட்டினார். மண்டையில் எதுவும் ஏறவில்லை.

பொத்தானில் சர்க்கரைத் தண்ணீர் தடவி, காலையெல்லாம் எறும்புகளை நடக்கவிட்டு, மேசையில் பாதை பதிய வைத்தாள். ஒத்திகையில் வரிசை கனகச்சிதம். கேமரா ஓடியதும் எறும்புகள் பேயறைந்த மாதிரி திகைத்து, திசைக்கொன்றாகச் சிதறின. ஒன்று வில்லனின் சட்டைக்குள் புகுந்தது. அவர் வசனத்தில் இல்லாத ஆட்டமெல்லாம் ஆடினார். மறுபடி பாதை போட்டாள். மறுபடியும் அதே கூத்து.

"ராணிக்கு மூட் சரியில்லையா? இன்னும் ஒரே தடவை, அப்புறம் கம்ப்யூட்டர்தான்" என்றார் இயக்குநர்.

மூன்றாம் முறை பாதை போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். செட்டைச் சுத்தம் செய்யும் அண்ணன் ஈரத்துணியோடு மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, நில்லுங்க! ஒவ்வொரு தடவையும் துடைச்சது நீங்கதானா?"

"ஆமாம்மா. கேமரா முன்னாடி பளபளன்னு இருக்க வேணாமா?"

"நீங்க துடைச்சது அழுக்கு இல்லண்ணே, அதுங்க போட்ட ரோடு!"

அண்ணன் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கேமரா ஓடியது. எறும்புகள் நூல் பிடித்தாற்போல் போய்ப் பொத்தானை மொய்த்தன.

"பாத்தீங்களா, ராணி மனசு வச்சிருச்சு!" என்று இயக்குநர் கைதட்டினார்.

படம் வந்த அன்று குடும்பமே ஒரு வரிசையை அடைத்து உட்கார்ந்தது. கடைசியில் அவள் பெயர் வந்தது, 'எறும்புகளுக்குக் கட்டளையிட்டவர்' என்று. மாமியார் விசிலடிக்காத குறை. அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"அங்க யாரும் ஆர்டர் போடுறதில்லன்னு வீட்டுல வந்து சொன்னியே?" என்று காதைக் கடித்தார் கணவர்.

"பேசாம இருங்க" என்றாள்.

அவர் பேசாமல் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.