கடைசிப் பெயர்

ஏழு வருஷம் கம்பெனி வேலையாகச் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் பறந்ததில் எனக்கு மிஞ்சியது இடுப்பு வலியும், டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளச் சொல்லி ஏர்லைன்ஸ்காரன் கொடுத்த பாயிண்டும்தான். வலியை யாருக்கும் தர முடியாது. பாயிண்டை அப்பாவுக்குத் தரலாம் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு வலது முழங்கால் மடங்காது. முதல் முறை இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டை மறித்தார்களே, அப்போது களமருதூர் பக்கம் ஒரு புளியமரம் சாய்ந்து, கிளை அவர் காலில் விழுந்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் பிறகு எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கு விசா சிக்கல். வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்களோ என்ற பயத்தில் ஆறு வருஷமாக ஊருக்கு வரவில்லை. அப்பா போய்ப் பார்த்தால்தான் உண்டு. காலை நீட்ட முடியாத சாதாரண சீட்டில் இருபது மணி நேரம் அவரால் உட்கார முடியாது. பிசினஸ் கிளாஸில் சீட்டே கட்டிலாகிவிடும். அதைக் காசு கொடுத்து வாங்க எனக்கு வக்கில்லை.

பாயிண்டில் போகிறவர்களுக்கு என்று விமானத்தில் ஒன்றோ இரண்டோ சீட்தான் ஒதுக்குவார்கள். அதைப் பிடிக்க நாலு மாதம், பல் விளக்குவதற்கு முன்பே போனைத் திறந்தேன். அப்போது ஊரில் வீட்டிலிருந்தே வேலை. கல்வராயன் மலையில் மழை இறங்கினால் எங்கள் தெருவில் நெட் படுத்துவிடும். அன்றைக்கெல்லாம் மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தனி ஒதுக்கீடு கேட்டு மறுபடியும் போராட்டம் நடந்த சமயம் அது. கீழே மைக் கட்டிய ஆட்டோ போகும். மேலே எனக்கு 'சீட் இல்லை' என்று வரும்.

ஒரு புதன்கிழமை சீட் தெரிந்தது. அப்பா பெயரை அடித்தேன். ஏற்கவில்லை. கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். பாயிண்டைக் குடும்பத்தாருக்குத்தான் தரலாமாம். குடும்பம் என்றால் கடைசிப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டுமாம்.

எங்கள் ஊரில் எவனுக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது? இனிஷியல்தான். பாஸ்போர்ட் ஃபாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, எனக்கு அப்பா பெயரையும், அப்பாவுக்குத் தாத்தா பெயரையும் எழுதியது நான்தான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

"அவரு பேருதாங்க மேடம் என் கடைசிப் பேரு" என்றேன்.

"அப்படின்னா அவரோட கடைசிப் பேரும் அதேதானே சார் இருக்கணும்?"

வந்த கோபத்துக்குப் போனை மாடியிலிருந்து விட்டெறிந்திருப்பேன். சீட் அதற்குள் அல்லவா இருந்தது. உறவுக்கு ஆதாரம் கேட்டாள். என் பிறப்புச் சான்றிதழை அனுப்பினேன். அதில் அப்பா பெயர் வெறும் இனிஷியலோடு இருக்கிறது, செல்லாது என்று பதில் வந்தது. அந்தப் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சான்று வாங்க விஏஓவிடமும் தாலுகா ஆபீசிலும் அலைந்தேன். ஒரு நாள் ஆபீஸ் வாசலையே போராட்டக்காரர்கள் அடைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள்தான், அதிலும் பாதிப் பேர் அப்பாவோடு அன்று மரம் வெட்டியவர்கள். திட்டவும் வாய் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. என் அப்பா என் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுவிட்டாராம், வாழ்த்துகளாம். சீட்டை அதற்குள் யாரோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசியோடு பாயிண்டும் காலாவதி.

அப்பா ஸ்டூலில் காலை நீட்டியபடி, பெட்டிக்கு வாங்கிய புதுப் பூட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உனுக்கு சீட்டு கேட்டு நானு ரோட்ல வுழுந்தேன். எனுக்கு சீட்டு கேட்டு நீ போன்ல வுழுந்து கெடந்த. போதும் வுடுடா" என்றார்.

பூட்டைச் சாவியோடு என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சிகிட்ட சீட்டு கெடைக்கலன்னு சொல்லாத. அப்பாவுக்குக் கால் வலி ஜாஸ்தி, அதான் வர்லன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன்.