ஊருக்கெல்லாம் அத்தையான டீச்சர்

பெர்பெத்துவா நகலெம்பே செய்த ஒரே தப்பு, வகுப்பில் வாய் தவறி ஒரு வாக்கியம் சொன்னதுதான்.

மசாக்காவிலிருந்து மாற்றலாகி எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தவள் அவள். கல்யாணம் ஆகாதவள். அதற்கு முந்தின வருஷம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாவாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத் தீராத வியாதி வந்துவிட்டதென்று பள்ளியை விட்டே நின்றுவிட்டாள். இன்னொருத்தி அப்படி நிற்கக் கூடாது என்பது டீச்சரின் பிடிவாதம். மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, அதில் ஆள் உயரத்துக்கு ஓர் உடம்பை வரைந்து வகுப்பில் தொங்கவிட்டாள். கருப்பை எங்கே இருக்கிறது, மாதவிலக்கு ஏன் வருகிறது, யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால் எப்படிக் கத்த வேண்டும், எல்லாம் சொன்னாள். பிள்ளைகள் நிமிரவே இல்லை, மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"கூச்சப்படாதீங்க. நான் உங்க அத்தைன்னு நெனச்சுக்கிட்டு எதை வேணும்னாலும் கேளுங்க" என்றாள்.

போச்சு! உகாண்டாவில் எங்கள் புகாண்டாப் பக்கம் இந்தப் பேச்சை அப்பாவோடு பிறந்த அத்தைதான் பேச வேண்டும். பெற்றவள் வாயைத் திறக்க மாட்டாள். அப்பன் அந்தத் திசைக்கே வர மாட்டான். அன்று சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் நல்ல சேதி கொண்டுபோனார்கள்: "அப்பா, உங்களுக்கு இன்னொரு தங்கச்சி இருக்காங்களாம்!"

மட்டோக்கே வாழைக்காய் வெந்துகொண்டிருந்த அடுப்பங்கரைகளில் பெண்கள் மாமனார்களின் பழைய கணக்கைத் தோண்டினார்கள். பள்ளிக் கமிட்டித் தலைவர் செமாம்போவின் மனைவி அவரைச் சாப்பிடவே விடவில்லை.

"மாமா மாசாமாசம் காப்பிக் கொட்டை விக்க மசாக்கா போனாரே, காப்பிக் கொட்டையை மட்டுந்தான் வித்தாரா?"

"அடியே, அவரு செத்தே பல வருஷமாச்சு!"

"செத்தா என்ன? டீச்சர் மூக்கைப் பாருங்க. உங்க குடும்ப மூக்கு!"

செமாம்போ தனியாகப் போய்க் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டார். மறுநாளே கூட்டம் போட்டுவிட்டார். ஊர் அத்தைகள் வந்து பாடம் வேண்டாமென்று சொன்னால் சாக்குப் படம் இறங்கும். பாடமும் அத்தோடு நிற்கும்.

அத்தைகள் தோள் கூர்த்த கோமேசி என்ற நீள அங்கி உடுத்தி வந்தார்கள். அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த பட்டை அத்தனையையும் அவிழ்த்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் விக்டோரியா ஏரியின் அக்கரைக்கே எட்டியிருக்கும். முன்னால் வந்தவள் செமாம்போவின் அக்கா எடிசா. அவள் தும்மினால் பக்கத்து ஊரில் வாழைத்தார் விழும். அப்படி விழுந்ததை நானே வேகவைத்துத் தின்றிருக்கிறேன்.

டீச்சர் மண்டியிட்டு எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள்.

"மண்டியெல்லாம் நல்லாத்தான் போடுறே. எங்க வேலையைப் பிடுங்க உனக்கு யாரும்மா உத்தரவு குடுத்தது?" என்றாள் எடிசா.

"பிடுங்கலைங்க. நீங்களே சொல்லுங்க. பிள்ளைங்க உள்ளேதான் இருக்காங்க."

இப்படி ஒரு பதிலை எடிசா எதிர்பார்க்கவில்லை. பின்வாங்கவும் முடியாது. அத்தைகள் வரிசையாக வகுப்புக்குள் போய் நின்றார்கள். முன்பெஞ்சு நபோசா கையைத் தூக்கினாள்.

"அத்தை, வயித்துக்குள்ள பாப்பா எப்படி வருது?"

அத்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணைக் கதவடைத்து வைத்துச் சொல்லிக் கொடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பத்து வயசுக்கு என்ன சொல்வது?

"நர்ஸம்மா பையில கொண்டாருவாங்க" என்றாள் ஒருத்தி.

"பொய் சொல்லாதே. ஏரியில இருந்து எடுத்துட்டு வருவாங்க" என்றாள் இன்னொருத்தி.

"அப்போ என் தம்பிக்கு நீச்சல் தெரியுமா?" என்று நபோசா கேட்டாள். வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

எடிசா மட்டும் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டீச்சரின் காதருகே போய்க் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அவள் மெதுவாகப் பேசினால் தெருக்கோடியில் கேட்கும்.

"இதுதான் கருப்பையா? இம்புட்டுத்தானா? எனக்கு முத முதல்ல வந்தப்போ சாகப்போறேன்னு வாழைத்தோப்புல உக்காந்து அழுதேன். என் அத்தை என் கல்யாணத்தப்போதான் வந்து சொன்னா. அதுக்கு முன்னாடி யாருமே சொல்லல."

அப்புறம் வாசலில் நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாடம் நடக்கட்டும். ஆனா அத்தைதான் சொல்லணும், அது மாறாது. அதனால இன்னையிலிருந்து இவ எங்கப்பாவோட மக."

செமாம்போ பதறினார். "அக்கா! செத்த மனுஷன் மேல ஏன் பழி போடுறே?"

"உசுரோட இருந்தப்பவே அவரு பழிக்குப் பயந்ததில்லை தம்பி. இப்பவா பயப்படப்போறாரு?"

மற்ற அத்தைகளுக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பா மட்டும் குறைஞ்சவரா? எங்க வீட்டுக்கும் இவ மகதான்!" "எங்க வீட்டுக்கும்!" கல்லறையில் படுத்திருந்த கிழவர்களெல்லாம் பெண்ணைப் பெற்றார்கள். கடைசியாகக் கணக்கு வாத்தியார் கிவும்பியின் அக்கா கையைத் தூக்கினாள்.

"எங்கப்பாவுக்கும்..."

"ஐயோ, உங்க வீடு வேண்டாம்!" என்று டீச்சர் கத்திவிட்டாள்.

வெளியே ஜன்னலருகே நின்ற கிவும்பியின் கையிலிருந்து அன்னாசிப் பழம் கீழே விழுந்தது. தினம் ஒன்று அவர் டீச்சரின் மேசைமேல் வைத்துவிட்டுப் போவது அதுவரை யாருக்கும் தெரியாது. தங்கையாகிவிட்டால் கட்ட முடியாதே!

நபோசா மறுபடி கையைத் தூக்கினாள். "டீச்சர் அத்தை, அந்த வீடு மட்டும் ஏன் வேண்டாம்? எதை வேணும்னாலும் கேக்கலாம்னு சொன்னீங்களே?"

எந்தக் கேள்விக்கும் அசராத பெர்பெத்துவா, சாக்குப் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

பாடம் இன்றும் நடக்கிறது. அதற்கப்புறம் பாவாடைக் கறைக்குப் பயந்து எந்தப் பெண்ணும் பள்ளியை விட்டு நிற்கவில்லை. கஷ்டப்பட்டது கிவும்பி ஒருவர்தான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை, பெண்ணின் சகோதரனுக்குச் சேவல் கொடுக்க வேண்டும். கிவும்பி வீட்டைத் தவிர ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் அவளுக்கு இப்போது அண்ணன் தம்பி! செமாம்போ முதல் ஆளாக வந்து, மூக்கைத் தடவிக்கொண்டே கையை நீட்டினார். கிவும்பி மூன்று சந்தைகளில் இருந்த சேவல்களையெல்லாம் வளைத்து வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்று அவை எல்லாம் ஒன்றாகக் கூவியதில், எங்கள் ஊரில் மட்டும் சூரியன் பதறியடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது.