தம்பியின் முகத்தைப் பார்க்கக் காஞ்சிபுரம் போனேன்

காலை எட்டேகாலுக்குச் செய்யாற்றில் காஞ்சிபுரம் வண்டி ஏறினேன். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். எல்லையில் இறந்த என் தம்பி தணிகாசலத்துக்கு எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் வெண்கலச் சிலை வைக்கிறார்கள். களிமண்ணில் முகம் தயார், வீட்டார் யாராவது பார்த்துச் சரி சொன்னால் வார்த்துவிடலாம் என்று சிற்பி ஏகாம்பரம் எழுதியிருந்தார். அம்மா வர மறுத்துவிட்டாள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

ஒன்பதரைக்குக் காஞ்சிபுரம். முகூர்த்த நாள், பட்டுக்கடைப் பைகளோடு கல்யாண வீட்டார் கூட்டம். ஏனாத்தூர் சாலைக்கு ஆட்டோ முப்பது ரூபாய்.

"சிலை செய்றவரு வூடா? எந்தத் தலைவருக்கும்மா?" என்றார் ஓட்டுநர்.

"தலைவர் இல்லைங்க. என் தம்பி."

இறங்கும்போது அவர் பத்து ரூபாயைத் திருப்பித் தந்தார்.

பெரிய தகரக் கொட்டகை. ஏகாம்பரத்துக்கு அறுபது தாண்டியிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் மகன். சென்னையில் சிற்பம் படித்தவர். வேலூரிலிருந்து விழுப்புரம் வரை எத்தனையோ முச்சந்திகளில் நிற்கும் தலைவர்கள் அவர் கையில் உருவானவர்கள். கலவரம் ஒன்றில் இரண்டை உடைத்தார்களாம். பலவற்றுக்கு இப்போது கம்பிக்கூண்டு.

ஈரத்துணியை விலக்கினார். தொப்பி, காது, மூக்கு எல்லாம் சரி. ஆனால் அது யாரோ ஒரு சிப்பாய்.

"இவன் இல்லைங்க," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தலைவருங்க முகம் எல்லாருக்கும் தெரியும்மா. இவரு எனக்குத் தெரியாதவரு. போட்டோவுல இல்லாதது எதுனா சொல்லு."

வெகுநேரம் யோசித்தேன். அவனுக்கு ஒரு தெற்றுப்பல். பள்ளியில் கேலி செய்ததிலிருந்து, சிரிப்பு வந்தால் மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வான். சொன்னேன். ஏகாம்பரம் கட்டைவிரலால் உதட்டை லேசாகக் கீழே அழுத்தினார். கன்னத்தில் கொஞ்சம் மண் வைத்தார். பதினைந்து நிமிடம் இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு தணிகாசலம் என்னைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினேன்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா அம்மாள், டம்ளரைக் கையில் பிடித்தபடியே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய ஒரே மகன் பதினேழு வயதில் காய்ச்சலில் போனவன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நம்ம புள்ளைய மூணு வாட்டி ஆரம்பிச்சி மூணு வாட்டியும் இடிச்சிப்புட்டீங்களே. இந்தப் பொண்ணு தம்பி முகம் மட்டும் எப்படி வந்துது?"

ஏகாம்பரம் கையிலிருந்த மண்ணை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு அவன் எப்படிச் சிரிப்பான்னு தெரிஞ்சிருக்குது. எனக்கு எம்புள்ளையப் பத்தி அதுகூடத் தெரியாது, சரோஜா. அவன் வளர்ந்தப்பல்லாம் நான் ஊர் ஊரா சிலை நிறுத்திக்கினு இருந்தேன்."

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். முக்காலியை இழுத்துக் கணவர் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும். நான் சொல்றேன். மண்ணு எடுங்க."

சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

ஒன்றரை மணி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் தினமும் எத்தனையோ சிலைகளைக் கடக்கிறார்கள், நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில்தான் பால் டிப்போ இருக்கிறது. காலையும் மாலையும் அம்மா அங்கேதான் போக வேண்டும். மூடிய உதட்டோடு அவன் நின்றுகொண்டிருப்பான். முகம் இவ்வளவு சரியாக வராமலே இருந்திருக்கலாமோ என்று அப்போதுதான் தோன்றியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.