பிரபுவின் ஏழாவது பிள்ளை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். இங்கே லேபர் கேம்ப்பில் ஆறு பேர் ஒரே ரூமில் படுக்கிறோம், எங்கள் குறட்டைக்கு நடுவில் எந்தப் பேய் வரும்? அதனால் நீங்கள் இப்போது சிரிக்கிற சிரிப்பைத்தான் நானும் சிரித்திருப்பேன். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

துபாய்க்குப் பக்கத்தில், அல் ஐனில் காதர் பாயின் பட்டறையில் எனக்கு வேலை. பாய் கீழக்கரைக்காரர். ஓட்டல்களுக்கு அலங்காரச் சிலைகள் செய்து கொடுக்கிறோம். களிமண்ணில் உருவம் பிடிப்பது நான். அதன்மேல் அச்சு எடுத்து ஃபைபரில் வார்ப்பார்கள். ஒட்டகம் பிடித்திருக்கிறேன், டைனோசர்கூடப் பிடித்திருக்கிறேன், ஆனால் அந்த மாதம் வந்தது ஒரு கல்லறை. ஆமாம், சாப்பிடுகிற இடத்தில் வைக்கக் கல்லறை! துபாயில் பழைய இங்கிலாந்துக் கோட்டை மாதிரி ஒரு ரெஸ்டாரண்ட் கட்டுகிறார்களாம். ஆறேழு நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரபு, இரும்புச் சட்டையோடு கைகூப்பி மல்லாந்து படுத்திருப்பார், காலடியில் நாய், பக்கத்தில் மனைவி. கீழே, பக்கவாட்டில், அவர் பெற்ற பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டிருக்கும். அங்கே அப்படித்தானாம், குடும்பத்தையே கல்லறையில் செதுக்கிவிடுவார்களாம். அங்கே இருக்கிற ஒரு நிஜக் கல்லறையைப் பார்த்து மேடம் போட்டு அனுப்பிய டிராயிங்கில் ஆறு பிள்ளைகள். நானும் ஆறு பிடித்தேன். ஆறே ஆறு.

என் அவசரம் எனக்கு. பரமக்குடியில் என் மனைவி செல்விக்கு நாள் நெருங்கிவிட்டது. முதல் பிரசவத்தின்போது நான் இங்கே டூட்டியில் இருந்தேன். பையன். அரை நாள்கூட உயிரோடு இருக்கவில்லை, நான் டிக்கெட் போடுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெயர் வைக்காமல் போன பிள்ளையை எங்கள் வீட்டில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை குழந்தை என்று கேட்டால் இன்னும் இல்லை என்றுதான் சொல்லிவந்தேன். அதைப் பற்றி நான் செல்வியிடம் கேட்டதில்லை, அவளும் வாய் திறந்ததில்லை. இந்தத் தடவையாவது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். வியாழக்கிழமை டிக்கெட். “கல்லறைய முடிச்சுக் குடு, அன்னைக்கே கிளம்பு” என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்வேலையை முடித்து, காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போனேன். திங்கள் காலை சாக்கை எடுத்தால், வரிசைக் கடைசியில், ஆறாவது பிள்ளையை ஒட்டி இன்னொன்று. ஒரு சாண் நீளத்தில், துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. இடது கை மட்டும் துணிக்கு வெளியே வந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது.

“எவண்டா இது? வெளாட நேரம் பாத்தீங்களாடா?” என்று பட்டறையே அதிரக் கத்தினேன். எல்லாரும் சத்தியம் செய்தார்கள். சனியனே என்று சுரண்டி எடுத்தேன், மட்டம் தட்டினேன், அரை நாள் வேலை போச்சு. அன்று மாலை கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை மறுபடியும் இருக்கிறது. அதே குழந்தை, அதே கை. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. படுத்திருந்த பிரபுவைப் பார்த்து, “யோவ், பெத்ததெல்லாம் போதாதாய்யா? நான் ஊருக்குப் போகணும்யா!” என்று கத்திக்கொண்டே சுரண்டினேன். பாய் வந்து நின்றார்.

“என்ன மாரி, லீவு கேட்டவன் வேலைய இழுத்துக்கிட்டே போற?”

“நான் செய்யல பாய்.”

“அப்ப மண்ணு தானா செஞ்சுக்குச்சா?”

சுரண்டி முடித்துச் சாக்கைப் போர்த்தினேன். மதியம் பாய் கதவைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போனார். நான் அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். வேறு வழி கிடையாது, ஜன்னலும் கிடையாது. பாய் திரும்பி வந்து திறந்தார், இருவரும் சேர்ந்துதான் சாக்கை எடுத்தோம். இருந்தது.

பாய் சாக்கை மறுபடி போர்த்தினார். பிறகு, “விட்ரு மாரி. அச்ச எடு. மேடம் ஏசுனா நான் வாங்கிக்கிறேன்” என்றார்.

புதன்கிழமை வார்ப்பைப் பார்க்க மேடம் வந்தார், டிசைன் போட்ட இங்கிலீஷ்காரப் பெண்மணி. பிள்ளைகளை எண்ணினார், முகம் சிவந்தது. என் லீவு போச்சு என்று தலையில் கை வைத்தேன். அவர் போனில் அசல் கல்லறையின் படத்தைத் தேடி எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வரிசைக் கடைசியில் தேய்ந்துபோன ஒரு மேடு இருந்தது. கல் உடைந்த இடம் என்று நினைத்து டிராயிங்கில் விட்டுவிட்டாராம். அப்புறம் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தன்னிடமிருந்த பேப்பர்களைப் புரட்டினார். பாய் அதைக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார்: “பிரபுவுக்கு ஏழு பிள்ளையாம் மாரி. கடைசிப் புள்ள பொறந்தப்ப மனுசன் கடல் தாண்டிச் சண்டைக்குப் போயிருந்தாராம். வர்றதுக்குள்ள புள்ள மவுத்தாப் போச்சாம், பொதச்சும்புட்டாங்களாம். பேருகூட வைக்கலயாம்.”

நான் குனிந்து அந்த ஏழாவதை மறுபடி பார்த்தேன். மேடம் ஏழையும் ஒப்புக்கொண்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தக் காலத்தில் குழந்தையைச் சுற்றினால் இரண்டு கையும் துணிக்குள்தான் இருக்குமாம், இதற்கு ஏன் ஒரு கை வெளியே? எனக்கு எப்படித் தெரியும்? நானா செய்தேன்?

வியாழக்கிழமை விமானம் ஏறினேன். சனிக்கிழமை மகள் பிறந்தாள், தாயும் பிள்ளையும் நலம், நான் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு நாள் கழித்து, செல்வியைச் சிரிக்க வைக்கலாம் என்று, சோற்றுக் கடைக்குக் கல்லறை செய்த கூத்தைச் சொல்லிப் போனில் படத்தைக் காட்டினேன். அந்த ஏழாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அதைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இந்தக் கைய யாருங்க ஒங்களுக்குச் சொன்னா?”

“எந்தக் கைய?”

“அவனத் துணியில சுத்தி எங்கிட்டக் குடுத்தாக. இந்தக் கை வெளிய வந்துச்சு. உள்ள வச்சேன், எடுத்துட்டான். மறுபடி வச்சேன், மறுபடியும் எடுத்துட்டான். சரிடா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நான் யாருட்டயும் சொன்னதில்லயே.”

இப்போது யார் கேட்டாலும் எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்கிறேன். ஆனால் அவனை நான் இரண்டு தடவை சுரண்டி எறிந்ததை மட்டும் செல்வியிடம் இன்றுவரை சொல்லவில்லை.